ரெட்டைப் பாசனமும் ஒரு ரத்தக் கசிவும்

முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியறதைத் திருச்சிக்காரங்களுக்குச் சொல்லணுமா என்ன? தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவுல ஸ்ரீரங்கம். நம்ம கல்லீரலும் அப்படி ஒரு தீவுதாங்க. சுமார் முக்கால் பங்கு ரத்தம் குடல்லேர்ந்து போர்ட்டல் சிரை வழியா வருது. மீதி கால் பங்கு கல்லீரல் தமனி வழியா. இந்த ரெட்டைப் பாசனத்தை நம்பித்தான் ஒரு வைத்தியமே இருக்கு.

பித்தப்பை, பித்தநாள ஆபரேஷன் நடக்கிற இடம் ஒரு குறுகலான சந்து. வலது கல்லீரல் தமனி அங்கே ஒட்டியே போகுது. கிளிப்போ, கருவியோட சூடோ, கசிஞ்ச பித்தமோ, கிருமியோ தமனிச் சுவரை அரிச்சுட்டா, பலவீனமான ஒரு ரத்தப் பை உருவாகும். நாட்கள் இல்லேன்னா வாரங்கள் கழிச்சு அது உடைஞ்சு பித்தநாளத்துக்குள்ள ரத்தம் கொட்டினா, பேரு ஹீமோபிலியா. (ரத்தம் உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியா வேற, குழப்பிக்காதீங்க.)

1654லேயே இங்கிலாந்தின் கிளிஸன், வாள் சண்டையில கல்லீரல்ல அடிபட்ட ஒருத்தர் கதையா இதை எழுதி வச்சார். வயித்து வலி, மஞ்சள் காமாலை, குடல்ல ரத்தம்னு மூணு அடையாளத்தை 1871ல குவிங்கே சொன்னார். 1948ல ஸாண்ட்ப்ளோம் பேர் வச்சார்.

பித்தப்பையை முதன்முதலா வெட்டி எடுத்தது 1882, பெர்லின்ல லாங்கன்பூஹ். லேப்ராஸ்கோப்பி வழியா எடுத்தது 1985, ஜெர்மனியோட மூஹே. 1990ல மும்பையில உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில குடல், கல்லீரல் அறுவைக்குன்னே தனித்துறையை வளர்த்தவர் டாக்டர் ரங்கபாஷ்யம். 1997ல கி.ஆ.பெ.விசுவநாதம் பேர்ல திருச்சிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு.

முன்னாடி ரத்தம் கொட்டினா வயித்தை மறுபடி திறந்து தமனியைக் கட்டணும். ஏற்கெனவே ரணமான வயிறு, ரத்தம் இழந்த உடம்பு... ஆபத்து புரியுதில்ல? 1953ல ஸெல்டிங்கர், ஊசி வழியா ரத்தக்குழாய்க்குள்ள மெல்லிய குழாயை விடற வழியைக் காட்டினார். 1976ல அதே வழியில ஹீமோபிலியாவை அடைச்ச செய்தி வந்துச்சு.

இப்போ தொடைவழியா குழாய் விட்டு, சாயம் செலுத்தி, கசியற இடத்தைக் கண்டுபிடிச்சு, குட்டி உலோகச் சுருளால அடைக்கிறாங்க. முன்வாசல் மட்டும் மூடினாப் போதாது. கிளைகள் வழியா ரத்தம் பின்வாசல்ல வந்துடும், ரெண்டு பக்கமும் அடைக்கணும். தமனி அடைஞ்சாலும் போர்ட்டல் சிரை கல்லீரலைக் காப்பாத்தும். ஆனா அந்தச் சிரையில அடைப்பு இருந்தா விபரீதம். தவிர, பித்தநாளம் தமனியை மட்டுமே நம்பியிருக்கு. அதனால எவ்வளவு குறைவா அடைக்க முடியுமோ அவ்வளவுதான். தோதுப்பட்டா உறை போட்ட ஸ்டென்ட் வச்சு தமனியைத் திறந்தே வைப்பாங்க.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்புல கொள்ளிடத்து மதகுகள் 9 அடிச்சுட்டுப் போனதே, ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி யாராவது ஒரு சின்ன விரிசலைப் பார்த்திருந்தா எப்படி இருந்திருக்கும்? இங்கே உடம்பு பல நேரம் முன்கூட்டியே சொல்லுது. முதல்ல கொஞ்சமா ரத்தம் வந்து தானா நின்னுடும். 'அல்சரா இருக்கும்'னு மாத்திரை போட்டுட்டுப் படுத்துடறோம். அடுத்தது பெருசா வரும்.

பித்த ஆபரேஷன் ஆனவங்க யாருக்காவது கறுப்பா மலம் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ ராத்திரியானாலும் கிளம்புங்க. பார்க்கிற டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்க. சிடி ஆஞ்சியோவும் அடைக்கிற வசதியும் எங்கே இருக்குன்னு டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வச்சுக்கங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. இது சரித்திரம், வைத்தியத்துக்கு உங்க டாக்டர்தான்.