வெளியே கசிவது, உள்ளே கரைவது

அரை அங்குலப் பித்தளைப் பால் வால்வுகள் இரண்டு. ஒன்று எரிவாயுக் குழாய்க்கு, மற்றது குடிநீர்க் குழாய்க்கு. இரண்டிலும் நடுவே துளையிட்ட உருண்டை. கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் அடைத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் வாயு வால்வின் கைப்பிடி பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். மற்றபடி கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் சான்று தரும் ஆய்வகம், முதலாவதில் என்ன வெளியேறுகிறது என்று பார்க்கிறது. இரண்டாவதிலிருந்து தண்ணீரில் என்ன கலக்கிறது என்றும் சேர்த்துப் பார்க்கிறது.

வாயு வால்வுக்கு நீரழுத்தச் சோதனை மட்டும் போதாது. தண்ணீர் புகாத மயிரிழை இடுக்கிலும் வாயு புகுந்துவிடும். ஆகவே காற்றை ஏற்றிக் கசிவை அளக்கிறார்கள். அடுத்த கவலை தீ. ஜெர்மனியில் கட்டட எரிவாயு இணைப்புகளுக்கு 650 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 30 நிமிடம் தாங்கும் திறன் கேட்கப்படுகிறது. வீடு எரியும்போது வால்வு விட்டுக்கொடுத்தால் நெருப்புக்கு வாயுவே தீனியாகும். தண்ணீர் வால்வை யாரும் இப்படி வாட்டுவதில்லை. தீயில் தண்ணீர் ஒழுகினால் யாருக்கு நட்டம்?

உள்ளிருக்கும் ரப்பர் வளையத்திலும் பேதம் உண்டு. வெந்நீருக்கு நன்றாக உழைக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர், பெட்ரோலிய வாயு பட்டால் ஊதிப்போகும். அங்கே நைட்ரைல் வேண்டும். மாற்றிப் பொருத்தியவருக்கு முதல் நாளில் எதுவும் தெரியாது.

தண்ணீர்ப் பக்கம் வந்தால் கதை ஈயத்தைச் சுற்றுகிறது. வால்வு செய்யும் வழக்கமான பித்தளையில் சுமார் 2 சதவீதம் ஈயம் இருக்கும். வேண்டுமென்றே சேர்ப்பதுதான்: லேத்தில் கடையும்போது சீவல் நீண்டு சுருளாமல் பொடியாக உதிரும், வேலை வேகமாக நடக்கும். வாயுவை யாரும் குடிப்பதில்லை என்பதால் அங்கே இது பொருட்டில்லை. குழாயில் இரவெல்லாம் தேங்கிய தண்ணீரிலோ ஈயம் மெல்லக் கரைகிறது. அதனால்தான் ஆய்வகத்தில் வால்வைத் தண்ணீரோடு ஊறவிட்டு, பிறகு அந்தத் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுத் திருத்தம் 8 சதவீதம் வரை ஈயம் உள்ள குழாய் உறுப்புகளையும் ‘ஈயமற்றது’ என்றே சொல்ல இடம் கொடுத்தது! 2014 ஜனவரி முதல்தான், தண்ணீர் படும் பரப்பின் சராசரியில் 0.25 சதவீதம் என்று இறுக்கினார்கள்.

ஒப்புதல் முறையிலும் இதே ஏற்றத்தாழ்வு. எரிவாயுச் சாதனங்களுக்கு ஐரோப்பியச் சமூகம் 1990இலேயே பொதுவிதி வகுத்தது. 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2016/426 ஒழுங்குவிதி அதன் வாரிசு. ஒரு நாட்டில் தேறிய அடுப்பு வால்வு மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். குடிநீர்ப் பொருளுக்கோ பிரான்சுக்கு ஒரு சான்று, ஜெர்மனிக்கு இன்னொன்று, இத்தாலிக்கு வேறொன்று. 2020ஆம் ஆண்டுக் குடிநீர் உத்தரவின் கீழ் பொதுவிதி நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2026 டிசம்பர் 31. முப்பத்தாறு ஆண்டு இடைவெளிக்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெடிப்பு மறுநாளே செய்தியாகிவிடும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியை ஓசையின்றிக் கெடுக்கும்; எந்த வால்வு குற்றவாளி என்று யாரும் விரல் நீட்ட முடியாது.

இந்தியாவிலும் சாயல் இதுவே. சமையல் எரிவாயு சிலிண்டரின் வால்வுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும், வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலை, லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்கிறது. ஆனால் அது தண்ணீரைப் பற்றிய தரம். ஹார்டுவேர் கடையில் குழாய் வாங்குகிறவர் பளபளப்பையும் எடையையும் பார்ப்பார், ஈயத்தைப் பற்றிக் கேட்டு நான் கண்டதில்லை.

அமெரிக்கச் சட்டம் குடிநீருக்குப் பயன்படாத உறுப்புகளுக்கு விலக்கு அளிப்பதால், வாயு வால்வில் பழைய பித்தளையே தொடரலாம். இரண்டையும் செய்யும் பட்டறைகளுக்கு இதனால் புதிய வேலை: கடைசல் சீவலைத் தனித்தனித் தொட்டிகளில் சேர்க்க வேண்டும். வாயு வால்வின் சீவல் ஓரளவு கலந்தாலும் குடிநீர் வால்வுக்காக உருக்கும் பித்தளை ஈய வரம்பைத் தாண்டிவிடும்.