ஈயக் குண்டின் எடை



திருவாண்டார்கோயிலில் பஞ்சநதீசுவரரை வழிபட வருவோர் அத்திருக்கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கண்டு வியந்து செல்வது வழக்கம். எங்கள் ஊருக்குக் கிழக்கேயும் தென்கிழக்கேயும், வில்லியனூர் தொடங்கிப் பாகூர் வரையில் பரந்து கிடக்கும் நன்செய் நிலங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது கல்லில் பொறிக்கப்பட்டதன்று. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் ஈயக் குண்டுகளாய் இறைந்து போனது. துப்பாக்கிக்கு ஏற்ற குண்டை யார் தேர்ந்தார்கள், அதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது, அந்த உரிமை பின்னர் யார் கைக்குப் போயிற்று என்பவற்றை இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

குண்டுக்கு ஈயத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் எளிது. இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வெப்பம் வேண்டும். ஈயமோ 327 பாகையிலேயே உருகிவிடும். விறகடுப்பும், ஓர் இரும்புக் கரண்டியும், குறடு போல் மூடித் திறக்கும் ஓர் அச்சும் இருந்தால் போதும். பாசறையிலோ வீட்டு முற்றத்திலோ அமர்ந்து குண்டு வார்த்துவிடலாம். அன்றியும், ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் கனக்கும். சிறிய உருவில் பெரிய எடை அமைவதால், அது காற்றைக் கிழித்துச் செல்லும் வேகம் விரைவில் குறைவதில்லை.

ஆனால் ஈயம் நம் கடற்கரைக்குப் பெரிதும் கப்பல் வழியாகவே வந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு விற்பதற்கென இறக்கிய சரக்குகளில் ஈயமும் ஒன்று. அதற்கு மாறாக, வெடிமருந்தின் உயிரான வெடியுப்பு பீகாரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. மேல்நாட்டு ஈயமும் கீழ்நாட்டு உப்பும் ஒன்றையொன்று தேடிக் கடல் கடந்தன என்று சொல்லலாம். 1757-இல் வங்காளத்துச் சந்திரநாகூரைப் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடம் இழந்தனர். அடுத்த ஆண்டில் பீகார் வெடியுப்பு வாணிபம் முழுவதும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குள் வந்தது. புதுச்சேரியின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் தளபதிகளின் குணங்களையே பெரிதும் ஆராய்கின்றனர். சரக்கு வந்த வழிகளையும் அவர்கள் ஆராய்ந்தால் நன்று.

இனி, குண்டைத் தேரும் முறையைப் பார்ப்போம். அக்காலத்துத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டு, நீண்ட கோலால் இடிக்க வேண்டும். நாலைந்து முறை சுட்டதும் குழலின் உட்புறத்தில் கரி படிந்துவிடும். குண்டு குழலோடு இறுகப் பொருந்தினால் குறி தவறாது. ஆனால் கரி படிந்த குழலில் அது எளிதில் இறங்காது. குண்டு சிறிதாயின் விரைவாக இறங்கும்; ஆனால் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு வெளிப்பட்டு, எங்கோ பாயும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். படைகள் விரைவையே தேர்ந்தன. ஆங்கிலேயரின் குழல் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அதற்கு இட்ட குண்டோ பதினேழரை மில்லிமீட்டர்தான். பயிற்சி பெற்ற வீரன் நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை சுடுவான். ஆயினும் நூறு கஜத்திற்கு அப்பால் தனி ஒருவனைக் குறி வைத்து வீழ்த்துவது அரிது. ஆகவேதான் வீரர்கள் வரிசையாக நெருங்கி நின்று ஒருசேரச் சுட்டனர். பின் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தனர். 1752 செப்டம்பரில் பாகூரில், லாரன்சின் படை கெர்ழானின் பிரெஞ்சுப் படையை முறியடித்தபோது வெற்றியை முடிவு செய்தது அந்தக் கத்தியே.

பிரெஞ்சுத் துப்பாக்கியின் குழல் பதினேழரை மில்லிமீட்டர் அளவினது. அதன் குண்டு அதனினும் சிறிது. ஆகவே, பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலத் துப்பாக்கியில் தளர்வாகவேனும் இறங்கும்; ஆங்கிலக் குண்டு பிரெஞ்சுத் துப்பாக்கியில் எளிதில் நுழையாது. இந்த வேறுபாடு நமக்கு இன்றும் பயன்படும். 1760 சனவரியில் வந்தவாசியில் வென்ற அயர் கூட், அவ்வாண்டு சூலையில் வில்லியனூரைக் கைப்பற்றினார். 1761 சனவரியில் லாலி புதுச்சேரியை ஒப்படைத்தார். இப்போர்கள் நிகழ்ந்த பகுதியில் ஏர் உழும்போது யாருக்கேனும் ஈய உருண்டை ஒன்று அகப்படுமாயின், அதை உருக்கிவிடாமல் பொற்கொல்லரின் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 32 கிராம் இருந்தால் ஆங்கிலத் துப்பாக்கியின் குண்டாகலாம். 25 முதல் 27 கிராம் இருந்தால் பிரெஞ்சுக் குண்டாகலாம். நம் சிப்பாய்கள் பல்வகைத் துப்பாக்கிகளைக் கையாண்டமையால், எடை ஒன்றே முடிந்த முடிபாகாது. எனினும் அது ஒரு தொடக்கம்.

"பன்னிரண்டு போர்" என்று வேட்டைத் துப்பாக்கியை நம் மக்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பொருள் இதுதான்: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அக்குழலுக்குச் சரியாக இருக்கும். தானே ஈயம் வாங்கித் தானே குண்டு வார்த்த மனிதனின் கணக்கு, இன்றும் அப்பெயரில் வாழ்கிறது.

அம்மனிதனின் கையிலிருந்து குண்டு மெல்ல மெல்ல விலகியது. மருது சகோதரர் போரிட்டு மடிந்த 1801-ஆம் ஆண்டில், டிசம்பர் முதல் நாள், சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை பாளையக்காரர் நாட்டில் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. 1849-இல் பிரான்சு நாட்டு மினியே என்பவர், அடிப்புறம் குழிந்த கூர்ங்குண்டை அமைத்தார். அது தளர்வாக இறங்கி, வெடிக்கும்போது விரிந்து, குழலின் உள்வரிகளைப் பற்றிக்கொண்டது. விரைவும் குறியும் ஒருங்கே வாய்த்தன. ஆனால், கொழுப்பிட்ட தாளில் பொதிந்த தோட்டாவாக அது தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதில் என்ன பூசியிருக்கிறது என்பதைச் சிப்பாய் அறிய வழியில்லை. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற ஐயம் 1857 சனவரியில் டம்டமில் எழுந்தது. மே மாதம் 10-ஆம் நாள் மீரட்டில் தீப்பற்றியது. பல குறைகள் சேர்ந்து விளைந்த அக்கிளர்ச்சிக்குத் தோட்டா ஒன்றே காரணமன்று. எனினும், தன் வாயால் கடிக்க வேண்டிய பொருளைத் தேரும் உரிமையற்றவனின் அச்சம் அதில் இருந்தது.

1878-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கு உரிமச்சீட்டை விதித்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் அதே டம்டம் தொழிற்சாலையில், உடலினுள் விரிந்து பெரும் புண் செய்யும் குண்டு உருவாயிற்று. 1899-இல் ஹேக் மாநாடு போரில் அதைத் தடை செய்தது. பிரிட்டனோ 1907-இல்தான் அதற்கு இணங்கியது. குண்டைத் தேர்வதில் அளவும் எடையும் மட்டுமல்ல, அறமும் உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்ட நாள் அது.

அமெரிக்கா போன்ற சில நாடுகளில், வேட்டையாடுவோர் இன்றும் குண்டு வாங்கி வீட்டிலேயே தோட்டாவை நிரப்பிக்கொள்கின்றனர். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமமின்றித் தோட்டா தயாரித்தல் குற்றம். அன்னியர் இட்ட தடைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அது ஓர் இனத்தாருக்கு மட்டும் இட்ட விலங்கு. இது நாம் தேர்ந்தெடுத்த மன்றம் நம் அனைவருக்கும் வகுத்த விதி. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். வயலில் கிடைக்கும் ஈய உருண்டையை எடை போட்டபின், அது கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் குறித்து, புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். நம் நிலத்தில் நிகழ்ந்த போர்களின் வரலாற்றை, நாமே ஆராய்ந்து எழுத அது உதவும்.