சோடா உப்பின் இரகசியம்



சவர்க்காரம், கண்ணாடி, காகிதம் முதலிய பல தொழில்களுக்குத் தேவையான பொருள் சோடா உப்பு. உப்பு நீரில் அமோனியாவைக் கலந்து, கரியமில வாயுவைச் செலுத்தி அதைச் செய்யும் முறையை 1861இல் பெல்ஜிய நாட்டவரான எர்னஸ்ட் சொல்வே கண்டார். ரப்பர் பால் உறையாமலிருக்கத் தோட்டங்களில் சேர்க்கிறார்களே, அதே நெடி வீசும் அமோனியாதான்! கேட்பதற்கு எளிது. ஆனால் ஆலை நடத்தும் நுட்பங்களை முதலாளிமார் இரகசியமாகவே வைத்திருந்தனர். அந்தப் பூட்டைத் திறந்த ஒரு மாணவரின் வரலாற்றை இன்று காண்போம்.

ஹோ தேபாங் 1890இல் சீனாவின் பூச்சியேன் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1900ஆம் ஆண்டுக் கலவரத்திற்காகச் சீனாவிடமிருந்து அமெரிக்கா இழப்பீடு பெற்றது. அதில் மிகுதியான தொகை சீன மாணவரின் கல்விக்கென்று திரும்பி வந்தது. அந்த உதவியால் 1913இல் அமெரிக்கா சென்ற ஹோ, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனப் பொறியியல் கற்று 1917இல் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1919இல் முதுகலைப் பட்டமும், 1921இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அவருடைய ஆராய்ச்சி எதைப் பற்றியது தெரியுமா? இரும்பு உப்பைக் கொண்டு தோல் பதனிடுவது பற்றி!

அவ்வேளையில் தியன்சின் அருகே தாங்கூவில் சோடா ஆலை அமைத்துவந்த பான் சூதோங் என்பவர் அவரை அழைத்தார். படித்தது தோல்; செய்ய வேண்டியதோ சோடா. ஆயினும் ஹோ தாயகம் திரும்பினார்.

1924இல் ஆலை ஓடியது. வெண்மையாக வர வேண்டிய உப்பு செந்நிறமாக வந்தது! இரும்புக் கலங்களின் துரு அதில் கலந்திருந்தது. அடுத்த ஆண்டு இயந்திரங்கள் பழுதடைந்து ஆலையே நின்றது. எட்டாண்டுப் படிப்பு வீண்தானா? ஹோ மனந்தளரவில்லை. தொழிலாளரோடு நின்று குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். 1926 ஜூனில் தூய வெண்ணிற உப்பு வெளிவந்தது. அவ்வாண்டே அமெரிக்காவின் பிலடெல்பியா பொருட்காட்சியில் அது தங்கப் பதக்கம் பெற்றது.

இனி அந்த இரகசியத்தைத் தாமும் பூட்டி வைத்துப் பொருள் குவித்திருக்கலாம் அல்லவா? அவரோ 1933இல் அனைத்தையும் ஆங்கில நூலாக எழுதி, நியூயார்க்கில் வெளியிட்டு உலகிற்கே வழங்கிவிட்டார்.

பெற்றோரே, பட்டம் பெறுவதோடு படிப்பு முடிவதில்லை. தெரியாத வேலையிலும் துணிந்து இறங்கிக் கற்பதும், கற்றதைப் பிறருக்கு ஒளிக்காமல் தருவதுமே அதன் பயன். நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வளர்ப்போம்.