வலைப்பதிவு

இணையத்தில் தேதி வாரியாக எழுதி, புதியது மேலே நிற்கும்படி அடுக்கப்படும் குறிப்புகள். ‘வலைப்பூ’ என்றும் சொல்வார்கள். பொருளோடு ஒட்டி நிற்பது ‘பதிவு’தான்.

மூலச் சொல்லான ‘வெப்லாக்’, 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் வைத்த பெயர். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை ‘வீ பிளாக்’ என்று விளையாட்டாகப் பிரிக்க, ‘பிளாக்’ நிலைத்துவிட்டது. ‘லாக்’ கடலிலிருந்து வந்த சொல். கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சிட்ட கயிற்றில் மரக்கட்டையைக் கட்டி நீரில் எறிவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடின என்று எண்ணுவார்கள். அந்தக் கட்டைதான் ‘லாக்’. கணக்கை எழுதிய ஏடு ‘லாக் புத்தகம்’ ஆயிற்று. கடலில் வேகத்தை இன்றும் ‘நாட்’ கணக்கில் சொல்வது அந்த முடிச்சுகளால்தான்.

ஆக, நடந்ததை நடந்தபடி எழுதுவதே இச்சொல்லின் உயிர். சிறு ஐ.டி. சேவை நிறுவனங்கள் பல இதை விளம்பரத்துக்கு மறுபெயராக்கிவிட்டது வருத்தம். மாறாக, சிகாகோவில் 1999இல் சிறு வலை வடிவமைப்பு நிறுவனமாகத் தொடங்கிய 37சிக்னல்ஸ், தன் வேலைமுறையை ‘சிக்னல் வெர்சஸ் நாய்ஸ்’ வலைப்பதிவில் ஒளிக்காமல் எழுதிவந்தது. 2004இல் பேஸ்கேம்ப் மென்பொருளை வெளியிட்டபோது, காது கொடுக்க வாசகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

நீங்களும் சிறு ஐ.டி. சேவை நிறுவனம் நடத்துகிறீர்கள் என்றால், சர்வர் ஏன் நின்றது, பேக்கப்பிலிருந்து தரவை எப்படி மீட்டீர்கள் என்பதை எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.