ஒளிச்சேர்க்கை

ஒளிச்சேர்க்கை என்பது பச்சைத் தாவரங்களும் பாசிகளும் சிலவகை பாக்டீரியாக்களும் ஒளியின் ஆற்றலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரையை உருவாக்கும் நிகழ்வு. இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ஒளித்தொகுப்பு என்று பெயர். தாவரங்களில் இந்நிகழ்வின்போது நீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. விலங்குகள் உண்ணும் உணவு ஏறக்குறைய முழுவதும் நேராகவோ சுற்றிவந்தோ இதிலிருந்து கிடைப்பதுதான்.

செடி தனக்கு வேண்டிய உணவை மண்ணிலிருந்து வேரால் உறிஞ்சுகிறது என்பது மிகப் பழைய எண்ணம். பாடம் படித்து முடித்த மாணவரிடமும் அது எளிதில் அகல்வதில்லை. இதை முதன்முதலில் தராசில் வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மாண்ட். உலர்த்திய மண் 200 ராத்தலைத் தொட்டியிலிட்டு, அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். 5 ஆண்டுகள் நீரை மட்டும் ஊற்றி வளர்த்தபின் மரம் 169 ராத்தலைத் தாண்டியிருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு. மரம் முழுவதும் நீரிலிருந்தே உருவானது என்று அவர் முடிவுசெய்தார். அவர் மறைந்தபின் 1648-இல் வெளிவந்த நூலில் இச்சோதனை இடம்பெற்றது. மண் உணவன்று என்பதில் அவர் கணிப்பு சரி. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. வாயு என்ற பொருளில் ‘காஸ்’ என்னும் சொல்லை உருவாக்கியவரும் அவரே என்பது இதில் ஒரு வேடிக்கை.

காற்றின் பங்கு வெளிப்பட இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1771-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த மூடிய கலத்தில் புதினாக் கொத்து ஒன்றை வைத்தார். சில வாரங்களுக்குப் பின் அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. ஆனால் இச்சோதனை சில வேளைகளில் பலித்தது, சில வேளைகளில் பலிக்கவில்லை. காரணத்தை 1779-இல் கண்டவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ்: பச்சைப் பாகங்கள் வெயிலில்தான் காற்றைத் தூய்மையாக்குகின்றன, இருட்டில் அவையும் காற்றைக் கெடுக்கின்றன. ஜெனிவாவைச் சேர்ந்த ழான் செனபியே கார்பன் டை ஆக்சைடின் தேவையை எடுத்துக்காட்டினார். 1804-இல் அதே நகரத்தின் நிக்கோலா தியோடர் தெ சொசூர், எடை கூடுவதில் நீருக்கும் பங்கு உண்டு என்று அளந்து நிறுவினார்.

ஆக, உலர்ந்த தாவர எடையில் சுமார் 95 விழுக்காடு கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகிய மூன்றுமே. அவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. மண் தருவது எஞ்சிய சிறு பங்கு. சிறு பங்கு என்பதால் அது தேவையற்றதாகிவிடாது. இலையின் பச்சை நிறமியான பச்சையத்தின் மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. நைட்ரஜனும் அதில் உண்டு. இவ்விரண்டில் எது குறைந்தாலும் இலை மஞ்சளாகும். உழவர் இடும் யூரியா பயிருக்கு நைட்ரஜனைத் தருகிறது. பயிர் தன் சர்க்கரையைத் தானே செய்துகொள்ள வேண்டும்.

அந்த வேலை நடக்கும் முக்கிய இடம் இலை. மேல்தோலுக்கு அடியில் நெருக்கமாக நிற்கும் நீண்ட செல்களில், பச்சையத்தைக் கொண்ட பசுங்கணிகங்கள் மிகுந்துள்ளன. அவற்றுக்குக் கீழே இடைவெளிகள் நிறைந்த பஞ்சு போன்ற திசு இருக்கிறது. காற்று அதன் வழியே பரவும். நீர் சைலம் என்னும் திசுவின் வழியே வருகிறது, செய்த சர்க்கரை ஃபுளோயம் என்னும் திசுவின் வழியே வெளியேறுகிறது. காற்று புகும் வாசல் இலைத்துளை. மா, புங்கம் போன்ற இருவித்திலைத் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் இத்துளைகள் இலையின் அடிப்புறத்திலேயே மிகுதி; நீரில் மிதக்கும் அல்லி இலையில் மேற்புறத்தில் மட்டும். அரளி இலையில் அவை அடிப்புறக் குழிகளுக்குள் பதிந்து, மயிர்களால் மறைந்திருக்கும். ஒவ்வொரு துளையின் இருபுறமும் காப்பு செல்கள் உண்டு. பொட்டாசியம் அயனிகள் உள்ளே சேரும்போது நீரும் பின்தொடர்ந்து புக, செல்கள் உப்பித் துளை திறக்கிறது. திறந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும், நீராவியும் வெளியே போகும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காடு அளவே இருப்பதால், அதைப் பெறத் தாவரம் ஏராளமான நீரை இழக்க நேர்கிறது.

பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் மிகுதியாக உட்கொள்கிறது. பச்சையைக் குறைவாகவே கொள்வதால் இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. 1880-களில் ஜெர்மானியரான தியோடர் எங்கல்மான், இழைபோன்ற பச்சைப்பாசி ஒன்றின் மீது முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை விழச்செய்து, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்களை அந்நீரில் விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் திரண்டன. அன்றைய கருவி எதனாலும் அளக்க முடியாத ஒன்றை பாக்டீரியாக்களை வைத்தே அளந்த இச்சோதனை, உயிரியல் வரலாற்றின் நேர்த்தியான சோதனைகளுள் ஒன்று.

பசுங்கணிகத்தினுள் இரண்டு கட்டங்கள் நடைபெறுகின்றன. முதலாவது ஒளிவினை, தைலகாய்டு என்னும் தட்டையான பைகளின் சவ்வில் நிகழ்வது. ஒளியை வாங்கிய பச்சையம் எலக்ட்ரானை இழக்கிறது. அந்த இழப்பை நிரப்ப நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது. கிடைத்த ஆற்றல் ஏடிபி, என்ஏடிபிஹெச் என்னும் மூலக்கூறுகளில் சேமிக்கப்படுகிறது. வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து பிரிந்தது என்றே நெடுநாள் நம்பப்பட்டது. நீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை விடாமல் கந்தகத்தை உண்டாக்குவதைப் பார்த்த கார்னீலியஸ் வான் நீல், தாவரங்களிலும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வர வேண்டும் என்று ஊகித்தார். 1941-இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு அந்த ஊகத்துக்கு வலுவான சான்று அளித்தனர்.

இரண்டாம் கட்டத்தில், பசுங்கணிகத்தின் ஸ்ட்ரோமா என்னும் திரவப் பகுதியில், ஏடிபியையும் என்ஏடிபிஹெச்சையும் செலவிட்டுக் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாற்றப்படுகிறது. பாடநூல்கள் இதை இருள்வினை என்கின்றன. இருட்டில்தான் நடக்கும் என்று மாணவர் எண்ண இப்பெயர் இடம் தருகிறது; உண்மையில் பெரும்பாலான தாவரங்களில் இது பகலில் ஒளிவினையோடு சேர்ந்தே ஓடுகிறது. இதன் படிகளைக் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு கண்டறிந்த மெல்வின் கால்வினுக்கு 1961-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இணையாக உழைத்த ஆண்ட்ரூ பென்சனுக்கு அதில் பங்கில்லை. சுழற்சியாக நடக்கும் இவ்வினையின் முதல் படியை நிகழ்த்தும் நொதி ருபிஸ்கோ. உருவாகும் சர்க்கரை உடனடியாகத் தேவைப்படாதபோது ஸ்டார்ச்சாக இலையில் தங்குகிறது. பிறகு சுக்ரோசாகப் பயணப்பட்டுக் கிழங்கிலும் விதையிலும் பழத்திலும் சேர்கிறது.

பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பிரித்துச் சொல்வது தவறு. தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை விஞ்சிவிடுவதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை. சேர்த்த கார்பனில் ஏறக்குறைய பாதியைத் தாவரமே இவ்வாறு செலவிடுகிறது. இரவில் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது என்பதற்குக் கார்பன் டை ஆக்சைடைக் காரணம் காட்டுவதுண்டு. திறந்த வெளியில் இலைகள் விடும் சிறிதளவு வாயு காற்றில் கலந்து நீர்த்துப்போகும். அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறது என்பதும் இதே வகைதான்: ஒளியில்லாமல் நீர் பிளப்பதில்லை, ஆகவே எந்த மரமும் இரவில் ஆக்சிஜன் வெளியிடாது.

பள்ளி ஆய்வகத்தில் இதை இருவழிகளில் காட்டுவர். தொட்டிச் செடியை ஓரிரு நாள் இருட்டில் வைத்து, ஓர் இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மறைத்து வெயிலில் விடுவது ஒன்று. பிறகு இலையைக் கொதிநீரிலும், நீர்த்தொட்டியில் சூடேற்றிய ஆல்கஹாலிலும் இட்டு நிறம் நீக்கி அயோடின் கரைசலை ஊற்றினால், ஒளி பட்ட பகுதி மட்டும் கருநீலமாகும். ஆல்கஹாலை நேராகத் தீயில் காட்டக்கூடாது. அது எளிதில் பற்றிக்கொள்ளும். இருட்டில் வைக்கும் படியை விட்டுவிட்டால் பழைய ஸ்டார்ச்சு எங்கும் இருக்கும், சோதனை எதையும் சொல்லாது. மற்றொன்று, ஹைட்ரில்லாத் தண்டுகளைப் புனலால் மூடி, மேலே நீர் நிரம்பிய சோதனைக் குழாயைக் கவிழ்ப்பது. வெயிலில் குமிழ்கள் எழுந்து குழாயில் வாயு சேரும். அதில் தணலான குச்சியை நீட்டினால் சுடர்விடும். நீரில் சிறிது சோடியம் பைகார்பனேட்டு சேர்த்தால் குமிழ்கள் விரைவாக எழும், கார்பன் டை ஆக்சைடு கூடுவதால்.

எந்த வேகத்தில் ஒளிச்சேர்க்கை நடக்கும் என்பதை அந்நேரத்தில் மிகவும் குறைவாயிருக்கும் காரணியே தீர்மானிக்கிறது. 1905-இல் தாவரவியலாளர் பிளாக்மன் கூறிய விதி இது. நிழலில் ஒளி, உச்சிவெயிலில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, குளிரில் வெப்பம் என்று தடை இடம் மாறும். நீர் வற்றும்போது துளைகள் மூடிக்கொள்ள, மற்ற எல்லாம் இருந்தும் வேலை நின்றுபோகும்.

வெப்ப நாடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ருபிஸ்கோ சில வேளைகளில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது; வெப்பம் கூடக் கூட இப்பிழையும் கூடும், சேர்த்த கார்பனில் ஒரு பங்கு வீணாகும். நெல்லும் கோதுமையும் இந்த இழப்புக்கு ஆளாகும் பயிர்கள். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை ஆகியவை கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் கொண்ட சேர்மமாகக் கட்டி, இலை நரம்பைச் சூழ்ந்த செல்களுக்குள் செறிவாக விடுவித்து, இழப்பை ஏறக்குறைய இல்லாமலாக்குகின்றன. கரும்பில் தெரிந்த இவ்வழியை 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹால் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் விளக்கினர். குறைந்த நீரில் மானாவாரி நிலத்தில் கம்பும் கேழ்வரகும் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு காரணம். கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி ஆகியவை வேறு தந்திரம் செய்கின்றன: குளிர்ந்த இரவில் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைச் சர்க்கரையாக்கும். கரும்பின் வழியை நெல்லுக்குள் கொண்டுவரும் முயற்சியைப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பிற ஆய்வுக்குழுக்களுடன் சேர்ந்து தொடங்கியது. நெல் இலையின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டியிருப்பதால் அப்பணி மெல்லவே நகர்கிறது.