இறைச்சி சிக்காத பல்

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை கல்முனைப் பல் டொக்டர்மாருக்கு ஒரு தனிப் பருவம். அப்போது வருகிறவர்களில் பலருக்குப் பல் வலியே இருக்காது. நிந்தவூரிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் வருகிற மூத்தம்மாக்கள் கதிரையில் சாயும் முன்பே முறைப்பாட்டைச் சொல்லிவிடுவார்கள்: “மகன், பல்லு நோகல்ல. அடைச்ச பல்லுக்குப் பக்கத்தால இறைச்சி பூருது. குச்சியால தோண்டித் தோண்டி முரசு வீங்கிட்டு.”

சோறும் மீனும் மட்டும் தின்கிற ஊரில் ஒரு மோசமான அடைப்பு வருடக்கணக்கில் பிடிபடாமல் தப்பிவிடும். குர்பான் இறைச்சி பங்கு பங்காக வீடுவீடாகப் போகிற ஊரில், சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றியிருந்து கலியாணச் சோறு தின்கிற ஊரில், அது தப்பாது. பல் வைத்தியம் படித்த பேராதனையில் எங்களுக்கு எக்ஸ்ரேயில் காட்டித் தந்ததை இங்கே மாட்டிறைச்சி நார் காட்டிவிடுகிறது.

கடைவாய்ப் பற்கள் இரண்டு தொட்டுக்கொண்டு நிற்கிற இடம் மிகச் சிறியது. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டும் புடைத்து முட்டும். அந்த முட்டு இறுக்கமாக இருந்தால் உணவு வழுக்கி விலகும். தளர்ந்தால் உள்ளே இறங்கிக் குடியிருக்கும். சூத்தை விழுவதோ பெரும்பாலும் அந்த முட்டுக்கு நேர் கீழே, பிரஷ் எட்டாத இடத்தில். அதைத் துளைத்துச் சுத்தம் செய்தால் பல்லின் பக்கச் சுவரே போய்விடுகிறது. இல்லாத சுவரை எழுப்ப, பலகை அடித்துக் கொங்கிரீட் கொட்டுவதுபோல, வாய்க்குள் தற்காலிகமாக ஒரு தடுப்பு வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு மெட்ரிக்ஸ் என்று பெயர்.

என் மூத்தாப்பாவின் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் பல்லே மிஞ்சாது. கராம்பு எண்ணெய் தோய்த்த பஞ்சு. அதற்கும் அடங்காவிட்டால் கழற்றுவது. அந்நாளில் இலங்கைப் பட்டினங்களில் பல் கட்டியவர்களில் சீனர்களும் இருந்தார்கள். ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். சிலர் புடவை மூட்டை சுமந்து விற்றார்கள், சிலர் பொய்ப்பல் கட்டினார்கள். பல்லைக் கழற்றாமல் காப்பாற்றலாம் என்ற எண்ணம் அரசாங்க ஆஸ்பத்திரியோடும் பள்ளிக்கூடத்தோடும் வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அது வந்த வழி நீளமானது. 1921இல் நியூஸிலாந்தின் வெலிங்டனில் இளம் பெண்களைப் பள்ளிக்கூடப் பல் தாதிகளாகப் பயிற்றத் தொடங்கினார்கள். டொக்டர்மார் போதாத நாட்டில் பிள்ளைகளின் பல்லை அடைக்க அவர்கள் போதும் என்பது கணக்கு. 1950களில் கொழும்புத் திட்டத்தின் உதவியோடு அதே முறை இலங்கைக்கு வந்தது. மஹரகமவில் பயிற்சிப் பாடசாலை எழுந்தது. என் வயதுக்காரர்களில் பலருடைய முதல் அடைப்பு அப்படிப் பயின்று வந்த ஒரு ‘பல் மிஸ்’ஸின் கைவேலைதான்.

நானும் எல்லோரையும்போல பேராதனைக்குப் போனேன். பல் வைத்தியம் படிக்க இலங்கையில் நெடுங்காலம் வேறு இடம் இருக்கவில்லை. அங்கே கையில் கொடுத்தது டொஃபிள்மயர். பென்ஜமின் டொஃபிள்மயர் என்ற அமெரிக்க டொக்டர் 1940களில் ஆக்கிய பிடி அது. மெல்லிய உலோகப் பட்டியைப் பல்லைச் சுற்றி வளைத்துத் திருகி இறுக்கலாம். அவருக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1871இல், பிலடெல்பியாவில் லூயிஸ் ஜாக் என்பவர் இல்லாத சுவருக்குப் பதிலாக உலோகத் தகடு வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு ஐவரி, சிக்விலாண்ட் என்று எத்தனையோ பிடிகள். பரீட்சைக்கு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தோம். கைக்குப் பழகியது டொஃபிள்மயர் ஒன்றுதான்.

அது நன்றாகவே வேலை செய்தது. காரணம் பட்டி அல்ல, அதற்குள் போன அமல்கம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூளையும் இரசத்தையும் உரலில் அரைத்து, மேலதிக இரசத்தைத் துணியில் பிழிந்து எடுத்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கலவையைப் பல்லுக்குள் வைத்து பலங்கொண்ட மட்டும் அமுக்க வேண்டும். அமுக்க அமுக்க அது பட்டியைத் தள்ளி அடுத்த பல்லோடு முட்ட வைக்கும். சப்பைப் பட்டி செய்யத் தவறியதைக் கைப்பலம் செய்து முடித்தது. அழகில்லை, கறுப்பு. ஆனால் இறைச்சி பூராது.

எங்கள் கரையில் வெள்ளை அடைப்புக்கு ஆசையைக் கொண்டுவந்தது மத்திய கிழக்கு என்பேன். கத்தாரிலும் சவூதியிலும் வேலை செய்து லீவில் வருகிற பொடியன்மார் கறுப்புப் பல்லோடு மாப்பிள்ளையாக உட்காரச் சம்மதிக்கவில்லை. பெண்வீட்டாரும் சிரிப்பைப் பார்த்தார்கள். ரஃபாயல் போவன் என்ற அமெரிக்கர் 1962இல் காப்புரிமை பெற்ற பிசினிலிருந்து வளர்ந்த கொம்பசிட், நீல வெளிச்சத்தில் இறுகுகிற பசையாகச் சாய்ந்தமருதின் சனலிங் சென்டர்கள் வரை வந்துவிட்டது. கூடவே முறைப்பாடும் வந்தது.

கொம்பசிட்டை அமுக்க முடியாது. அமுக்கினால் வழியும், பட்டியைத் தள்ளுகிற பலம் அதற்கு இல்லை. இறுகும்போது கனவளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று சுருங்கவும் செய்யும். போதாததற்கு, சுற்றிக் கட்டிய பட்டி தன் தடிப்பளவுக்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை உருவியதும் அந்த இடம் வெறும் இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் பால் வெள்ளைப் பல், பக்கத்தில் நெடுஞ்சாலை. எத்தனை விலை உயர்ந்த பசையும் இதைத் திருத்தாது. பொருள் மாறியபோது பட்டியும் மாறியிருக்க வேண்டும். உலகம் முழுவதும் டொக்டர்மார் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

விடையை 1980களில் அல்வின் மேயர் என்ற டொக்டர் பெலோடென்ட் என்ற பெயரில் கொண்டுவந்தார். பல்லைச் சுற்றிக் கட்டுவதை விட்டுவிட்டு, சுவர் போன பக்கத்துக்கு மட்டும் ஒரு சிறு தகடு. அவரைக்கொட்டை வடிவம், முன்பே புடைத்து வளைக்கப்பட்டது. அடியில் ஆப்பு. மேலே ஒரு வில்வளையம், அதன் இரண்டு கால்களும் இரு பற்களுக்கும் நடுவே இறங்கும். வேலை முழுவதும் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. பல் எலும்பில் நேரே பதிந்ததல்ல, நார்களில் தொங்குகிறது. ஆகவே தொடர்ந்து விரித்தால் மயிரிழை அளவு நகரும். தகட்டின் தடிப்புக்கு அந்த மயிரிழை போதும். வளையத்தைக் கழற்றியதும் பற்கள் தம் இடத்துக்குத் திரும்பி ஒன்றோடொன்று இறுகிவிடும்.

நான் அதை முதன்முதல் தொட்டது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 எங்கள் கரையை என்ன செய்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். பின்வந்த மாதங்களில் வெளிநாட்டு வைத்தியக் குழுக்கள் வந்து போயின. அப்படியொரு குழு விட்டுச்சென்ற பெட்டிக்குள் இரண்டு வளையங்கள் கிடந்தன. அந்தப் பழைய வகையின் கால்கள் வட்டமானவை. ஆப்போடு மோதி இடத்துக்குச் சண்டை பிடிக்கும். சுவர் பெரிதாக உடைந்த பல்லில் கால் குழிக்குள்ளேயே இறங்கித் தகட்டை நசுக்கும். சில நேரம் வில் துள்ளிப் பறக்கும். நோயாளியின் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டியதாயிற்று.

அந்தக் குறையைத் தீர்த்தவரும் நியூஸிலாந்துக்காரர். கடிகாடி என்ற சிற்றூரில் இருந்த சைமன் மக்டொனல்ட் என்ற டொக்டர், வளையத்தின் கால்களைப் பிளந்து ‘வி’ வடிவமாக்கி ஆப்புக்கு வழி விட்டார். உலோகமும் நிக்கல் டைட்டேனியம் ஆயிற்று, வில் சீக்கிரம் தளராது. பல் மிஸ்ஸை அனுப்பிய நாடே அரை நூற்றாண்டு கழித்து வளையத்தையும் அனுப்பியிருக்கிறது என்று நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வரும். வளையம் வெறும் நாகரிகமா என்ற கேள்விக்கு 2006இல் நெதர்லாந்தின் நைமேகனில் பாஸ் லூமன்ஸும் கூட்டாளிகளும் பதில் சொன்னார்கள். நோயாளிகளின் வாயில் முட்டின் இறுக்கத்தையே அளந்தார்கள். வளையத்தோடு வைத்த பகுதித் தகடு, சுற்றிக் கட்டிய பட்டியைத் தெளிவாக வென்றது.

கருவி கிடைத்தாலும் வேலை சுளுவாகவில்லை. தகடு, ஆப்பு, வளையம், பூசு பசை, மெல்லிய அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம். இடையில் எச்சில் பட்டால் எல்லாம் வீண். றமழானில் இது இன்னும் நுணுக்கம். நோன்பு பிடித்துக்கொண்டு வாயில் தண்ணீர் படவே அஞ்சுகிறவர்கள் பகலில் வரமாட்டார்கள். தறாவீஹ் முடிந்து இரவில் கிளினிக் நிரம்பும். இஷாவுக்குப் பிறகு வயிறு நிறைந்த மனிதரை ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்து மல்லாக்கக் கிடத்துவது எளிதல்ல. பாதியில் குறட்டை விட்டவர்களும் உண்டு.

அமல்கமும் மெல்லப் போகிறது. இரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றது. ஜப்பானில் ஒரு தொழிற்சாலை விரிகுடாவில் கொட்டிய இரசம் மீன் வழியாக மனிதருக்கு ஏறிய ஊரின் பெயர் அது. மீனைத் தின்று வாழ்கிற எங்கள் கரைக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்து வந்த 2022 எங்களைக் கைவிட்டது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்றறுபதாயிற்று. பசை, தகடு, வளையம் எல்லாமே இறக்குமதி. கழுவி, கிருமி நீக்கி, வளையத்தை அதன் பிடி தளரும் வரை திருப்பித் திருப்பிப் பாவித்தோம். தகட்டை அப்படிப் பாவிக்க முடியாது. ஒருமுறை மடிந்தால் அதன் புடைப்புப் போய்விடும்.

டொஃபிள்மயர் இன்னும் என் லாச்சியில் இருக்கிறது. மூன்று பக்கமும் உடைந்த பல்லில் வளையத்துக்குப் பிடிமானமே இருக்காது. அங்கே பழைய பட்டிதான். புதிதாக வருகிற டொக்டர் பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. இன்னும் கொஞ்சம் உடைந்த பற்களைக் காணட்டும்.

கட்டணந்தான் இன்றும் சிக்கல். ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் அந்தச் சன நெருக்கத்தில் ஒரு பல்லுக்கு ஒரு மணித்தியாலம் கொடுக்க முடியாது. வெளியில் நேரம் உண்டு, காசு வேண்டும். சம்மாந்துறையிலிருந்து வருகிற வயல்காரர் கணக்குக் கேட்டுவிட்டு எழும்புவார்: “வெள்ளாம வெட்டி முடியட்டும் டொக்டர், மறுகா வெள்ளையில அடைப்பம்.” அதுவரைக்கும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பசையை வைத்து அனுப்புகிறேன். பெரும்போக நெல் விற்றுக் காசு கைக்கு வந்ததும், பங்குனி சித்திரையில், அவர்களில் அநேகர் சொன்னபடியே வந்துவிடுகிறார்கள்.