மலைநாட்டு உடை மதுச்சாலைக்கு வந்த வரலாறு

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் பிரஸ்டன்பான்ஸ் என்று ஒரு சிற்றூர் உண்டு. 1745-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி விடியற்காலையில், தன் குலம் இழந்த அரியணையை மீட்க எழுந்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் கொடியின்கீழ்த் திரண்டிருந்த மலைநாட்டு வீரர்கள், ஜெனரல் கோப்பின் அரசாங்கப் படையை அரை மணி நேரத்துக்குள் சிதறடித்த களம் அது. அதே ஊரில்தான் பிற்காலத்தில் ஃபௌலர் கம்பெனியார் ‘வீ ஹெவி’ என்னும் வீரியமிக்க பீரைக் காய்ச்சிச் சிறு புட்டிகளில் அடைத்து விற்றுப் பெயர் பெற்றார்கள். இன்று அந்த வகைப் பீரை உலகத்தின் எந்த மூலையில் காய்ச்சினாலும், புட்டியின்மேல் கட்டம் போட்ட கம்பளித் துணியும் கில்ட் என்னும் மலைநாட்டு அரையாடை உடுத்த ஆடவனும் இடம்பெறுவது சகஜமாகிவிட்டது. ஆனால் அந்த யுத்தத்தின் காலத்தில், கில்டும் பீரும் ஒன்றையொன்று அந்நியமாகப் பார்த்த இருவேறு சமூகங்களுக்குச் சொந்தமாக இருந்தன.

கேலிக் மொழி பேசிய குலங்கள் வாழ்ந்த வடமேற்கு மலைநாட்டில் விளைந்த சொற்பத் தானியம் பெரும்பாலும் கஞ்சிக்கும் விஸ்கிக்குமே போயிற்று. பீரோ தெற்கேயுள்ள சமவெளியின் பானம். கிழக்குக் கரையில் நல்ல பார்லி விளைந்தது. எடின்பரோவின் அடிநிலத்தில் பீருக்கு உகந்த கடினநீர் சுரந்தது. ஹாலிரூட் மடத்துத் துறவிகள் இடைக்காலத்திலேயே தொடங்கிவைத்த தொழில், 1749-இல் லீத் துறைமுகத்தில் வில்லியம் யங்கரும் 1856-இல் ஃபௌன்டன் ஆலையை நிறுவிய வில்லியம் மெக்யூவனும் வளர்த்தெடுக்க, கடல் கடந்த வியாபாரமாகப் பெருகிற்று. இந்நகரத்தார் கால்சட்டை அணிந்தவர்கள். மலையிலிருந்து இறங்கி வந்த கில்ட்காரனைக் கண்டு அஞ்சியவர்கள். இன்று பர்ன்ஸ் கவிஞரின் பிறந்தநாள் விருந்துக்குக் கில்ட் இன்றி வருவோர் குறைவு. ஆனால் அந்த மகாகவி ஏர்ஷயர்ச் சமவெளியின் உழவர் குடியில் பிறந்து, 1789 முதல் மது முதலிய சரக்குகளுக்குத் தீர்வை வசூலிக்கும் உத்தியோகம் பார்த்தவர் என்பதை மறந்துவிடலாகாது.

1746 ஏப்ரலில் கலோடன் களத்தில் மலைநாட்டார் தோற்றபின், அவர்களுடைய உடையையே குற்றமாக்கிச் சட்டம் செய்தது லண்டன் பார்லிமென்ட். முதல்முறை அகப்பட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை அகப்பட்டால் ஏழாண்டு கடல் கடந்த தண்டனை. மன்னரின் சேனையில் சேர்ந்த மலைநாட்டுப் படைப்பிரிவினருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு ஜனசமூகம் தன் இடையில் கட்டும் துணிக்கு அரசன் சேவகத்தில் மட்டும் அனுமதி உண்டென்ற அந்த விதி, எத்தனை முறை நினைத்தாலும் மனத்தை வருத்துகிறது. 1782-இல் தடை நீங்கியபோது, கிராமங்களில் அதை அன்றாடம் உடுத்தும் பழக்கமே பெரிதும் அற்றுப்போயிருந்தது. பட்டாளம் மட்டும் அதைப் பாதுகாத்து வைத்திருந்தது.

பிறகு நேர்ந்தது ஆச்சரியமான திருப்பம். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தபோது, வரவேற்பு வைபவத்துக்குப் பொறுப்பேற்ற சர் வால்டர் ஸ்காட், நாவலாசிரியருக்கே உரிய கற்பனையால், சமவெளிப் பிரபுக்களையெல்லாம் மலைநாட்டு உடை தரிக்கச் செய்தார். மன்னரும் கில்ட் அணிந்தார். பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலையில் கட்டம் போட்ட துணிக்குக் கிராக்கி பெருகிற்று. அன்றுவரை ஒரு பகுதியாருக்கே உரியதாக இருந்த உடை தேசம் முழுவதற்கும் அடையாளமாகிவிட்டதனால், அயல்நாட்டுக்கு அனுப்பும் பீருக்கு ஸ்காட்லாந்தின் முத்திரையைத் தேடியவர்களுக்கு, மலைநாட்டுச் சின்னங்கள் தேடாமலே கைக்கு வந்து சேர்ந்தன.

எனினும் கில்டுக்கும் மதுச்சாலைக்கும் உள்ள உறவு முழுவதும் வியாபாரிகள் இட்டுக்கட்டியது என்று சொல்ல நான் சம்மதியேன். மலைநாட்டின் முக்கியச் செல்வம் கால்நடை; அதை மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு கிரீஃப் சந்தைக்கும் பின்னாளில் ஃபால்கர்க் சந்தைக்கும் வாரக்கணக்கில் நடந்தவர்கள், பகலில் இடையில் வரிந்து கட்டிய பல கஜக் கம்பளித் துணியையே இரவில் போர்த்துக்கொண்டு, பனி கொட்டும் புதர்வெளியில் மாடுகளின் அருகிலேயே படுத்து உறங்கினார்கள். நம் பக்கத்து உழவர் தலைத்துண்டு எத்தனை காரியங்களுக்கு உதவுமோ, அத்தனைக்கும் உதவிற்று அந்தத் துணி. வழியில் அவர்கள் களைப்பாற நின்ற சத்திரங்களில் ஒன்று, லோமண்ட் ஏரியின் வடகோடியை அடுத்த இன்வரார்னனில், 1705-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கூறிக்கொண்டு ‘ட்ரோவர்ஸ் இன்’ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. அங்கே பீர் ஊற்றித் தரும் பணியாளர் கில்ட் அணிந்தே நிற்கிறார்கள். ரயில் வந்து மந்தைப் பாதைகள் புல் முளைத்துப் போய்விட்டபோதிலும், அந்த இடத்தில் அந்த உடைக்கு நியாயமான உரிமை உண்டு.

கடல் கடந்த கதை வேறு. பெல்ஜியத்தார் முதல் உலக யுத்தத்தை ஒட்டிய காலத்தில் ஸ்காட்லாந்தின் கனத்த பீரில் மோகம் கொண்டார்கள். ஜான் மார்ட்டின் என்ற ஆங்கிலேயர் 1909-இல் அந்நாட்டில் தொடங்கிய கம்பெனியின் ‘கார்டன் ஹைலண்ட் ஸ்காட்ச்’, ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னமான முட்பூ வடிவக் கண்ணாடிக் கிண்ணத்தில் பரிமாறப்படுவதாயிற்று. அமெரிக்காவில், 1996-இல் அரிசோனாவின் டெம்பி நகரில் பிறந்த ஃபோர் பீக்ஸ் ஆலை ‘கில்ட் லிஃப்டர்’ என்னும் பீரால் புகழடைந்து, 2015-இல் ஆன்ஹைசர்-புஷ் என்னும் பெருங்கம்பெனியின் வசமாயிற்று. 2003-இல் லாஸ் வேகஸில் தொடங்கிய ‘டில்டட் கில்ட்’ என்னும் மதுச்சாலைகளோ, பரிமாறும் பெண்களுக்குக் குறுகத் தறித்த கில்டை உடுத்தி அதையே கவர்ச்சிப் பொருளாக்கின. ஒரு காலத்தில் சிறைவாசத்துக்குத் துணிந்து உடுத்தியதை அவ்விதம் ஆக்கியது எனக்கு உவப்பானதன்று.

அதற்கு மாறாக, ஸ்காட்லாந்து காற்பந்து அணியின் ரசிகர்களான ‘டார்ட்டன் ஆர்மி’யினரை நான் மனமார மதிக்கிறேன். 1980-ஆம் ஆண்டு ஹாம்ப்டன் மைதானத்தில், கோப்பை இறுதியாட்டத்தின் முடிவில் கிளாஸ்கோவின் இரு சங்கத்து ரசிகர்களும் மோதிக்கொண்டதன் விளைவாக, ஸ்காட்லாந்தின் மைதானங்களுக்குள் மது தடுக்கப்பட்டது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கூடிக் குடிக்கும் இடம் மதுச்சாலையாயிற்று. முரடர்களென்ற அவப்பெயர் தங்கள்மேல் படியலாகாதென்று கருதிய தேசிய அணியின் ரசிகர்கள், கில்டை விரும்பி உடுத்தி, அந்நிய நகரத்தாரோடு சிநேகமாகப் பாடிக் குடித்தார்கள். 1992-இல் ஸ்வீடனில் அவர்களுடைய நன்னடத்தையை ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமே பாராட்டிற்று. 2024 ஜூனில் ஜெர்மனியிடம் தங்கள் அணி ஐந்துக்கு ஒன்று என்று தோற்ற மியூனிக் நகரத்திலும், பீர் குடிப்பதில் பேர்போன அவ்வூராரோடு, வாடகைக்கு வாங்கிய கில்டையும் தந்தை விட்டுச்சென்ற கில்டையும் உடுத்திக்கொண்டு, அவர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள்.